நாலு இடத்தில் இருந்த வார்த்தை

ஜனவரி 12

குருவி,

நலமா என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். இரண்டு வருடமாக மாதம் தவறாமல் பன்னிரண்டாம் தேதி அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். நீ செத்தது இந்தப் பேனாவுக்குத் தெரியாது.

தபாலில் போடப் போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

உன்னை ஆணி அடித்த பெட்டியில் கொண்டுவந்தார்கள். "திறக்காதீங்கம்மா, பாத்தா தாங்க மாட்டீங்க" என்றான் கூட வந்த ஆபீஸ்காரன். உன் மச்சானும் அதையேதான் சொன்னார். நான் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பலகை இடுக்கிலிருந்து ஒரு வாடை வந்தது. மச்சான் லீவில் வரும்போது அவர் பனியனில் வருமே, அதே வாடை. எலும்பும் கொழுப்பும் வெந்த வாடை. உன் வாடை அதில் துளிகூட இல்லை. நாலாம் நாள் மச்சான் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

நேற்று ஆலையிலிருந்து உன் சாமான் பார்சல் வந்தது. சீப்பு, ஒரு சட்டை, நூலால் கட்டிய என் கடிதங்கள், உன் செருப்பு. ஆறாவது படிக்கிற பிள்ளையின் செருப்பு மாதிரி இருந்தது. இந்தக் காலைப் பார்த்துத்தானே உனக்குக் குருவி என்று பேர் வைத்தேன்! அடியில் ஒரு பாலிதீன் பையில் இரண்டு உருண்டை. கல் மாதிரி. மஞ்சளாகக் கொழுப்பு உறைந்து, ஒரு பக்கம் மழுங்கி, ஒரு பக்கம் கூராக. என்ன கண்றாவியோ என்று தூக்கிப் போடப் போனேன். அப்புறம் வெந்நீரில் போட்டுப் பிரித்தேன். நீல நூலில் நான் ஓரம் அடித்துக் கொடுத்த துண்டு, குருவி. இரண்டாகக் கிழித்திருந்தது. வெந்நீர் மேல் எண்ணெய் மிதந்தது. வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

இன்னொரு விஷயம் உறுத்துகிறது. உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். போன வருடம் எழுதியிருக்கிறாய்: "அக்கா, தொட்டியைக் கழுவ இறங்குவதற்கு இங்கே ஒரே ஒரு ஜோடி பூட்ஸ்தான். பத்தாம் நம்பர், தொடை வரை வரும். எவன் காலுக்குப் பொருந்துகிறதோ அவன்தான் இறங்கணும், அதுதான் இங்கே சட்டம். என் இரண்டு காலும் ஒரே பூட்ஸுக்குள் போய்விடும் என்று கிண்டல் பண்ணுகிறார்கள். தப்பித்தேன். நான் மேலே நின்று கயிறு பிடிக்கிறவன். மச்சான் காலுக்குத்தான் அது அளவெடுத்துத் தைத்த மாதிரி."

அப்புறம் நீ எப்படிடா உள்ளே போனாய்?

பார்சலோடு இங்கிலீஷில் ஒரு காகிதமும் இருக்கிறது. மச்சானுக்கு எழுதிக் கேட்கிறேன்.

உன் அக்கா


ஜனவரி 14

அன்புள்ள உங்களுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்கு இருமல் தேவலையா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

தம்பி சாமான் வந்து சேர்ந்தது. கூட மூன்று பக்கத்துக்கு இங்கிலீஷ் காகிதம். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். அங்கே நான் கையெழுத்துப் போட வேண்டும் போல. நான் படித்த அஞ்சாம் வகுப்புக்கு அது எங்கே புரியப் போகிறது? ஆனால் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. கவட்டை மாதிரி எழுத்தில் தொடங்கி, வால் தொங்குகிற எழுத்தில் முடிகிறது. விரல் வைத்து எண்ணினேன். தம்பி பேர் இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. இந்த வார்த்தை நாலு இடத்தில் இருக்கிறது. செத்தவன் பேரை விட அதிகமாக வருகிற வார்த்தை என்னவாக இருக்கும்? பார்த்துப் பார்த்துக் கீழே வரைந்து அனுப்பியிருக்கிறேன். அர்த்தம் எழுதுங்கள்.

அவன் துண்டு இரண்டாகக் கிழிந்து வந்திருக்கிறது. யார் கிழித்தது, எதற்கு என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி


பிப்ரவரி 6

அன்பு வீட்டம்மாவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நான் சுகம். நீ சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அப்படிச் செய்யாதே. போனவன் போய்விட்டான், இருக்கிறவர்கள் இருந்துதானே ஆக வேண்டும்.

நீ வரைந்த வார்த்தையைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. கோலம் போட்ட மாதிரி இருந்தது. அதை வாலன்டரிலி என்று படிக்க வேண்டும். பெரிய சங்கதி ஒன்றுமில்லை. வேலை நேரத்தில் என்று அர்த்தம். வேலை நேரத்தில் இறந்தான் என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆபீஸ் காகிதம் சொன்னதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லும். நீ யோசிக்காமல் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அங்கே இங்கே காட்டிக்கொண்டு நிற்காதே. உன் கையெழுத்து வந்தால்தான் இங்கே ஃபைலை மூடுவார்கள்.

நம் ஆலையில் கொடுக்கிற மாதச் சோப்பு ஆறு கட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் ஒன்று கொடு, போன தடவை நுரை நன்றாக வருகிறது என்று புகழ்ந்தார்களாமே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அன்புடன், உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 27

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதமும் சோப்பும் கிடைத்தன. பக்கத்து வீட்டம்மாவுக்கு இரண்டு கட்டி கொடுத்தேன். நீங்கள் சுகம் என்று எழுதியிருந்தது நிம்மதி.

இங்கே ஒரு கூத்து நடந்தது, கேளுங்கள். போன செவ்வாய்க்கிழமை தையல் கூடத்தில் மெஷின் ஊசி என் ஆள்காட்டி விரலில் இறங்கி நகத்தின் மறுபக்கம் வந்துவிட்டது. ஊசியை முறித்துத்தான் எடுத்தார்கள். வேலையில் அடிபட்டால் கட்டுப் போட முதலாளிதான் அனுப்ப வேண்டும், அது கூடத்தின் வழக்கம். அவர் என்ன செய்வார், வீட்டில் காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டு வந்தாயா என்று கேட்பார். அதனால் ரத்தம் சொட்டச் சொட்ட நின்றாலும், நீங்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தையை அவருக்குப் புரிகிற இங்கிலீஷிலேயே போட்டேன்.

"முதலாளி, இது வாலன்டரிலி பட்ட காயம்."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "என்னது?"

"வாலன்டரிலிங்க. நூத்துக்கு நூறு வாலன்டரிலி. வேணும்னா எல்லாரையும் கேளுங்க."

காஜா எடுக்கிற பெண் சாட்சிக்குத் தலையாட்டினாள். அவளுக்கும் என்ன தெரியும்?

முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏம்மா, நீயே வேணும்னு விரலைக் கொண்டுபோய் ஊசிக்குக் கீழ வெச்சியா? அப்ப நான் எதுக்கு டாக்டருக்கு அனுப்பணும்? உன் இஷ்டம், உன் விரல். அந்த வார்த்தையைச் சொல்லிட்டீன்னா எனக்கு ஒரு பொறுப்பும் கிடையாது. யாரு சொல்லிக்குடுத்தது? அவருக்கு ஒரு மாலை போடணும்!"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்த வார்த்தையை மனதுக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தேன். அவரே கடைசியில் கட்டுப் போட அனுப்பினார், அது வேறு விஷயம்.

முதலாளி சொல்கிற அர்த்தம் சரியா, நீங்கள் சொல்கிற அர்த்தம் சரியா? அந்தக் காகிதத்தில் தம்பி எதைத் தன் இஷ்டப்படி செய்தான் என்று எழுதியிருக்கிறது? எனக்குத் தெரியும்படி எழுதுங்கள்.

துண்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

விரலில் கட்டோடு,
உங்கள் மனைவி


மார்ச் 24

வீட்டம்மாவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் பதில் தாமதம். விரலை ஈரம் படாமல் வைத்துக்கொள்.

சட்டைக்குப் பொத்தான் வைக்கிறவனுக்கு ஆபீஸ் இங்கிலீஷ் என்ன தெரியும்? ஒரு வார்த்தைக்கு ஒன்பது அர்த்தம் இருக்கும் பாஷை அது. தையல் கடையில் ஒரு அர்த்தம், ஆலையில் ஒரு அர்த்தம். நான் சொன்னதை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்கிறாயா? கட்டின புருஷன் சொல்லில் நம்பிக்கை இல்லையா?

இன்னொரு செய்தி. டிசம்பர் முதல் வாரமே என்னை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். துக்க வீட்டில் எப்படிச் சொல்வது என்று சொல்லவில்லை. இனி நான் தொட்டிக்குள் இறங்க வேண்டியதில்லை, மேலே நின்று பார்த்துக்கொண்டால் போதும். இருமலும் குறைந்திருக்கிறது. நீ சந்தோஷப்பட வேண்டும்.

கையெழுத்தைச் சீக்கிரம் போட்டு அனுப்பு. மேலே இருக்கிறவர்கள் தினம் கேட்கிறார்கள். எனக்குத்தான் தலைகுனிவு.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 8

உங்களுக்கு,

இருமல் குறைந்ததாக எழுதியிருந்தீர்கள். சரி.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாளே, மனு எழுதிக் கொடுக்கிறவள், அவளிடம் காகிதத்தைக் கொண்டுபோனேன். நீங்கள் காட்ட வேண்டாம் என்று சொன்னதால்தான் கொண்டுபோனேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரே பார்வைதான் பார்த்தாள்.

"இந்த வார்த்தையா? என் மெஷின்ல தினம் பத்துத் தரம் அடிக்கிறேன்க்கா. வேலையை விட்டுத் தொரத்துனவங்ககிட்ட, 'நானே வாலன்டரிலி போறேன்'னு எழுதி வாங்குவாங்க. அண்ணன் தம்பி மிரட்டி நிலத்தைப் பிடுங்கினா, 'வாலன்டரிலி குடுத்தேன்'னு தங்கச்சி எழுதிக் குடுக்கணும். அழுதுக்கிட்டே நிப்பாங்க, நான் அடிச்சுக் குடுப்பேன்."

"அப்ப அழுதுக்கிட்டேன்னு அர்த்தமா?" என்று கேட்டேன்.

"அர்த்தம் கேட்டா, தன் இஷ்டப்படி, யாரும் கட்டாயப்படுத்தாமன்னுதான். ஆனா எங்க போடுறாங்கன்னு பாருங்க. நீங்க உங்க இஷ்டத்துக்கு ஒரு டீ குடிக்கிறீங்க. 'நான் வாலன்டரிலி டீ குடிச்சேன்'னு காகிதத்துல எழுதிக் கையெழுத்து வாங்குவாங்களா? இஷ்டப்பட்டு செஞ்சதை எவனும் எழுதி வாங்க மாட்டான்க்கா."

அப்புறம் நாலு இடத்தையும் படித்துத் தமிழில் சொன்னாள். எழுதி வைத்துக்கொண்டேன், உங்களுக்கும் தெரியட்டும். தம்பி தன் இஷ்டப்படி தொட்டிக்குள் இறங்கினான். தன் இஷ்டப்படி முகமூடியைப் போட மறுத்தான். முகமூடி என்று ஒன்று அங்கே இருந்ததாக அவன் ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை, நீங்களும் ஒரு நாளும் சொன்னதில்லை! மூன்றாவது, யாரும் சொல்லாமல் அவன் தன் இஷ்டப்படி இறங்கியதை நேரில் பார்த்த சாட்சி ஒருவர் உண்டு. நாலாவது நான். அவன் அக்காவாகிய நான் இதையெல்லாம் என் இஷ்டப்படி ஒத்துக்கொள்கிறேன், இனி யாரையும் எதையும் கேட்க மாட்டேன்.

சாட்சியின் கையெழுத்து இரண்டாம் பக்கத்தில் கீழே, ஆலை முத்திரைக்கு அடியில் இருந்தது; இத்தனை நாள் நான் அதைக் கவனிக்கவில்லை. பேரைப் படிக்க எனக்கு அவள் வேண்டியிருக்கவில்லை. கடைசி எழுத்தில் ஒரு சுழி சுழித்து, அதன் கீழே இரண்டு புள்ளி வைப்பீர்கள். கல்யாணப் பதிவேட்டில் என் பேருக்குப் பக்கத்தில் இருக்கிற அதே கையெழுத்து.

வேலை நேரத்தில் என்று அர்த்தமாம்!

ஜெராக்ஸ்காரி, "புது வார்த்தை கத்துக்கிட்டா அஞ்சு வாக்கியம் எழுதிப் பாக்கணும், அப்பத்தான் மனசுல நிக்கும்" என்றாள். மூன்று எழுதிப் பார்த்தேன். ஆடு வாலன்டரிலி கத்திக்குக் கழுத்தை நீட்டியது. தம்பிக்குச் சோறு வேண்டும் என்று நான் அஞ்சாவதோடு வாலன்டரிலி பள்ளிக்கூடத்தை விட்டேன். என் வீட்டுக்காரர் வாலன்டரிலி பொய் சொன்னார். இந்த மூன்றாவது வாக்கியத்தில்தான் அந்த வார்த்தை அதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

துண்டும் இப்போது புரிந்தது. எங்கள் கூடத்தில் காஜா எடுக்கிற பெண் அவள் அக்காவின் பெரிய ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தாள். முனையில் துணி திணித்திருந்தாள். கழற்றி எடுத்தபோது அந்த உருண்டையின் வடிவத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் மழுங்கி, ஒரு பக்கம் கூராக. நான் ஓரம் அடித்த துண்டை இரண்டாகக் கிழித்து, பத்தாம் நம்பர் பூட்ஸின் முனையில் திணித்து, அஞ்சாம் நம்பர் கால் உள்ளே போயிருக்கிறது. உங்கள் கால் வேலை உயர்வு பெற்றுவிட்டது. பூட்ஸுக்கு வேறு கால் வேண்டியிருந்தது.

கிழித்தது யார்?

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கேட்கவே நாக்கு கூசுகிறது. தொட்டியில் வெந்து மேலே நிற்கிற கொழுப்புத்தான் சோப்பு என்று தம்பி சொல்லியிருக்கிறான். அவனை வெளியே எடுத்த பிறகு தொட்டியில் இருந்ததைக் கொட்டினார்களா, இல்லை அப்படியே காய்ச்சினார்களா? பிப்ரவரியில் நீங்கள் அனுப்பிய கட்டியில்தான் நான் முகம் கழுவினேன். பக்கத்து வீட்டம்மா பேரக் குழந்தையைக் குளிப்பாட்டினாள்.

இதற்காவது பதில் எழுதுங்கள்.


மே 17

உங்களுக்கு,

நான் எழுதி அஞ்சு வாரமாகிறது. கடிதம் வரவில்லை. சோப்பு வந்தது. ஆறு கட்டி, ரோஜாப்பூ படம் போட்ட காகிதம் சுற்றி.

பார்சலைப் பிரித்ததும் வீடு முழுக்க ரோஜா வாசனை. அதற்கு அடியில் அந்த வாடை. கட்டியைத் தொட்ட விரலைச் சுவரில் தேய்த்தேன், புடவையில் தேய்த்தேன், மண்ணில் தேய்த்தேன். போகவில்லை. எதைப் போட்டுக் கழுவுவேன், சொல்லுங்கள்! கை அழுக்கானால் சோப்புப் போடலாம். சோப்பே அழுக்கானால்?

பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்த கட்டியைத் திருப்பிக் கேட்டேன். "குடுத்ததை எவளாவது திருப்பிக் கேப்பாளா, அல்பம்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். உண்மையைச் சொன்னால் அவளும் என்னைப் போல வாந்திதான் எடுப்பாள். அல்பம் என்ற பேரோடு வாங்கிக்கொண்டு வந்தேன். எல்லாவற்றையும் கட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் குளியுங்கள்.


ஜூன் 9

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலமாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகமும் இல்லை.

உனக்குப் பயந்து பொய் எழுதினேன். நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்குத் தொட்டியின் அடிக்கசடு அடைத்துக்கொண்டது. மதியத்துக்குள் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஆபீஸில் ஒரே கத்தல். நான் சூப்பர்வைசர் ஆகி ஒன்பது நாள். சூப்பர்வைசர் இறங்கினால் கீழே இருக்கிறவர்கள் மதிக்க மாட்டார்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். உனக்குத் தெரியாது, அந்த இருமல் எனக்குத் தொட்டிக்குள்ளிருந்து வந்ததுதான். ஒவ்வொரு முறையும் மயக்கம் வரும், சொல்லியதில்லை. மற்ற மூன்று பேரும் இறங்க மாட்டேன் என்றார்கள். நான் உன் தம்பியைப் பார்த்தேன். "இறங்குறியாடா?" என்று கேட்டேன். கேட்கத்தான் செய்தேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. "சரி மச்சான்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவனாகத்தானே சரி என்றான்? அதைத்தான் காகிதத்தில் எழுதினார்கள். கையெழுத்துப் போடு என்றார்கள், போட்டேன். போடாவிட்டால் அனுப்பியது நான் என்றாகிவிடும், ஜெயில் என்றார்கள். அந்த வார்த்தை முழுப் பொய் இல்லை. யோசித்துப் பார்.

கயிற்றை நான்தான் பிடித்திருந்தேன். உள்ளே விஷவாயுவில் மயங்கிக் கசடுக்குள் விழுந்துவிட்டான். இழுத்தபோது கனமாக இருந்தது. அவ்வளவு சின்ன உடம்பு எப்படி அவ்வளவு கனம் என்று தெரியவில்லை.

சோப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். அன்று மதியமே ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

நீ கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும். நான் வேலையை விட்டுவிட்டு உன்னிடமே வந்துவிடுகிறேன்.

உன்னையே நம்பியிருக்கும்,
உன் வீட்டுக்காரன்


ஜூன் 25

சூப்பர்வைசர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தண்ணீரிலும் அந்த வாடை. நீங்கள் "கேட்கத்தான் செய்தேன்" என்று எழுதிய இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வரி வழவழவென்று இருக்கிறது. எங்கே பிடித்தாலும் கை வழுக்குகிறது.

அவனுக்கு அந்த வேலை வாங்கிக் கொடுத்தது நீங்கள். அவன் படுக்க இடம் கொடுத்தது நீங்கள். அவன் லீவு போட வேண்டுமென்றால் உங்களைத்தான் கேட்க வேண்டும். அப்படிப்பட்டவர் எல்லாருக்கும் முன்னால் கேட்டால் அவன் என்ன சொல்வான்? மூன்று பேர் மாட்டேன் என்றார்களே, அவர்கள் யாருக்கும் நீங்கள் மச்சான் இல்லை. அதனால் அவர்களால் சொல்ல முடிந்தது. நீங்கள் ஆளைத் தேடவில்லை. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஆளைத் தேடினீர்கள். அந்த ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அவனை அப்படி வளர்த்தது நான். உங்கள் மேல் இருக்கிற அருவருப்பில் பாதியை எனக்கு வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முகமூடி என்று ஒன்று இருந்ததா என்று மறைமுகமாகக் கேட்டிருந்தேன். அதற்கும் பதில் இல்லை. இல்லாத முகமூடியை ஒருவன் எப்படித் தன் இஷ்டப்படி மறுப்பான்? அதற்கும் சேர்த்துத்தானே அந்தச் சுழியைச் சுழித்தீர்கள்?

காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. அந்த நாலு இடத்திலும் வார்த்தையை அடித்துவிட்டு, பென்சில் குறி போட்ட இடத்தில் தமிழில் எழுதினேன்: "என் தம்பியின் காலுக்கு அந்த பூட்ஸ் பொருந்தாது." கூடவே பூட்ஸைப் பற்றி அவன் எழுதிய கடிதத்துக்கும், ஜூன் ஒன்பதாம் தேதி நீங்கள் எழுதிய கடிதத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன். தொழிலாளர் ஆபீஸுக்கு ரிஜிஸ்டர் தபாலில் போய்விட்டது. ஜெராக்ஸ்காரி, "யோசிச்சீங்களாக்கா? உங்க புருஷன் மாட்டிக்குவாரு" என்றாள். "யாரும் சொல்லாம, என் இஷ்டப்படி அனுப்புறேன்" என்றேன். "அப்ப அதுக்கு அந்த வார்த்தையைப் போடலாம்" என்றாள். போடவில்லை. இஷ்டப்பட்டுச் செய்ததை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை என்று அவள்தானே சொல்லிக்கொடுத்தாள்.

துண்டைக் கிழித்தது யார் என்று மூன்று தரம் கேட்டுவிட்டேன். இது நாலாவது.

இப்படிக்கு,
குருவியின் அக்கா


ஜூலை 30

குருவி,

இந்தத் தடவை நலமா என்று எழுதவில்லை. பேனாவுக்கும் தெரிந்துவிட்டது போல.

தொழிலாளர் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. ஃபைலை மூடவில்லையாம், மறுபடி விசாரிக்கிறார்களாம். சாட்சியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜெராக்ஸ்காரி படித்துச் சொல்லிவிட்டு, எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். என் இஷ்டப்படி குடித்தேன்.

மச்சானிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. மூன்றே வரி. வேலை போய்விட்டதாம். விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறாராம். அதன் பிறகு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியவில்லைடா. அவர் கையெழுத்தைப் பார்த்தாலே இன்னும் குமட்டுகிறது. ஆனாலும் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அலமாரியில் வைத்திருக்கிறேன், சாப்பிடுகிற இடத்துக்கு எட்டாத தூரத்தில்.

மூன்று வரியிலும் துண்டு இல்லை.

நீ வேலைக்குக் கிளம்பிய அன்று பஸ் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "மச்சான் பேச்சைத் தட்டாதடா, அவரு என்ன சொன்னாலும் சரின்னு சொல்லு." அப்புறமும் விடவில்லை. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் அதை எழுதினேன். பார்சலில் வந்த கட்டைப் பிரித்து எண்ணினேன். இருபத்து மூன்று கடிதம், இருபத்து மூன்றிலும் இருக்கிறது. அந்தக் காகிதத்தில் நாலு இடத்தில் இருந்த வார்த்தைக்கே இவ்வளவு கோபப்பட்டேனே!

இன்றைக்கு அந்தத் துண்டின் இரண்டு பாதியையும் வெறும் தண்ணீரில் பதினோராவது தடவையாக அலசிக் காயப்போட்டேன். வெளுக்கவில்லை. வாடையும் முழுக்கப் போகவில்லை. தையல்காரி கண்ணால் அந்தக் கிழிசலைப் பார்த்தேன். கத்தரி படவில்லை. நான் இரட்டையாக மடித்து அடித்த ஓரம், கையால் கிழியாது. நீல நூல் இருக்கிற இடத்தைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அங்கிருந்து ஒரே இழுப்பாகக் கிழித்திருக்கிறது. பல் பட்ட தடம் இன்னும் இருக்கிறது. நீயும் துணியைப் பல்லால் கடித்துத்தான் கிழிப்பாய், எத்தனை தடவை அதற்கு உன்னைத் திட்டியிருக்கிறேன். அவருக்கும் அதே பழக்கம்தான்.

அவராகக் கிழித்துத் திணித்துக் கொடுத்திருந்தால் நான் ஒரு மாதிரி வாழ்ந்துவிட்டுப் போவேன். அலமாரியைப் பூட்டிவிட்டு, கதவையும் பூட்டிவிட்டு. நீயே கிழித்து, நீயே திணித்து, மச்சான் பேச்சைத் தட்டக் கூடாது என்று சிரித்துக்கொண்டே காலை உள்ளே விட்டிருந்தால், அந்தக் காகிதத்தில் சாட்சிக்குக் கீழே என் பேரும் இருக்க வேண்டும்.

குருவி, இதை மட்டும் சொல்லிவிடு. என் துண்டைக் கிழித்தது அவரா, நீயா?